திருட்டு இசைப் பிரியர்களின் கருவிப்பெட்டி

இணையத்தில் காசு கொடுக்காமல் பாட்டு இறக்கிக்கொள்பவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று கேட்டால், எது எங்கே கிடைக்கும் என்பதைத்தான் பேசுவார்கள் என்று பெரும்பாலானோர் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. 2004க்கும் 2016க்கும் இடைப்பட்ட காலத்தில் இசைக்கென்றே இயங்கிய டோரண்ட் குழுக்களில் (உறுப்பினர்கள் தங்கள் கணினிகளிலிருந்தே கோப்புகளைத் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்ளும் குழுக்கள்) கைமாறிய குறிப்புகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே நடந்த பேச்சில் பெரும்பகுதி 'கையில் கிடைத்திருப்பது அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது' என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே இருந்தது. சட்டத்தை மீறுவதற்கென்று கூடியவர்கள், ஒருவர் பேச்சை இன்னொருவர் நம்பவேண்டிய அவசியமே இல்லாதபடி ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவிகள்தாம், சொந்தக் காசில் வாங்கிய சிடிகளை அலமாரியில் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இன்றைக்கும் உதவுகின்றன. இந்தப் பதிவு அவற்றைப் பற்றியது. தரவிறக்கத் தளங்களின் முகவரி எதுவும் இதில் கிடையாது. நான் பெயர் சொல்லப்போகும் திருட்டுத் தளங்கள் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

இந்த அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1999 ஜூனில் 18 வயது ஷான் ஃபான்னிங் வெளியிட்ட நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பகிர்வு மென்பொருளில், ஒரு பாட்டின் அடையாளம் என்பது அந்தக் கோப்பின் பெயர் மட்டுமே. பெயரில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால், ஒருவர் பாடியது இன்னொருவர் பெயரில் உலவியது. பாதியில் அறுந்த பாடல்கள் முழுப்பாடல்களாக உலவின. வழக்குகளால் 2001 ஜூலையில் நாப்ஸ்டர் நின்றது. அதன் இடத்தைப் பிடித்த கசாவில் கோப்புகளைச் சரிபார்க்க ஒரு முறை இருந்தது. ஆனால் வேகத்துக்காக அது கோப்பின் தொடக்கத்தில் 300 கிலோபைட்டையும், அதன் பிறகு 1, 2, 4, 8 மெகாபைட் என்று இரட்டித்துக்கொண்டே போகும் இடங்களில் 300 கிலோபைட் துண்டுகளையும், கடைசியில் ஒரு துண்டையும்தான் பார்த்தது. இடையில் இருந்தவற்றில் எதைத் திணித்தாலும் கசாவுக்குத் தெரியாது. இசை நிறுவனங்கள் அமர்த்திய ஓவர்பியர் போன்ற நிறுவனங்கள் போலிக் கோப்புகளை அந்த வலையமைப்பில் கொட்டிக்கொண்டே இருந்தன. 2003இல் மடோனாவின் புதிய ஆல்பத்தைத் தேடி இறக்கியவர்களில் பலருக்குப் பாட்டுக்குப் பதிலாக, திருடுகிறவர்களைத் திட்டும் மடோனாவின் குரல்தான் கிடைத்தது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வெளியே போய் முறையிட முடியாது. ஆகவே சரிபார்க்கும் வழியை அவர்களே தேடிக்கொண்டார்கள்.

2001 ஜூலையில் பிராம் கோஹன் அறிமுகப்படுத்திய பிட்டோரண்ட் என்ற பகிர்வு முறை, அந்தச் சிக்கலில் பாதியைத் தீர்த்தது. கோப்பு முழுவதும் சம அளவுத் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்ஹெச்ஏ-1 என்ற முறையில் கணக்கிட்ட 20 பைட் கைரேகை ஒன்று டோரண்ட் கோப்பிலேயே எழுதப்பட்டுவிடும். யாரிடமிருந்து வந்தாலும், கைரேகை பொருந்தாத துண்டு தூக்கி எறியப்படும். அனுப்புகிறவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே தேவைப்படாது. ஆனால் இந்தக் கைரேகை, முதலில் ஏற்றியவர் எதை ஏற்றினாரோ அதைத்தான் துல்லியமாகக் கொண்டுவந்து சேர்க்கும். அவர் கீறல் விழுந்த சிடியை அவசரமாக நகலெடுத்திருந்தால், அந்தக் கீறலும் பழுதில்லாமல் பத்தாயிரம் பேரைப் போய்ச் சேரும். ஆகவே கேள்வி ஒரு படி பின்னால் போனது: சிடியிலிருந்து கணினிக்கு வந்தபோதே அது சரியாக வந்ததா?

இதற்கு விடை தேடியவர்கள் எல்லோரும் சட்டத்துக்குப் புறம்பானவர்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ரசிகர்கள் தங்கள் கச்சேரிகளைப் பதிவுசெய்து பரிமாறிக்கொள்ள அனுமதித்த கிரேட்ஃபுல் டெட் போன்ற அமெரிக்க இசைக்குழுக்களைச் சுற்றி ஒரு கூட்டம் கேசட் காலத்திலேயே உருவாகியிருந்தது. 1998இல் தொடங்கிய ஈட்ரீ என்ற அமைப்பின் வழியாக அவர்கள் இணையத்துக்கு வந்தபோது, ஒலியைச் சிதைக்காமல் சுருக்கும் கோப்பு வகையை மட்டுமே ஏற்பது, ஒவ்வொரு கச்சேரியோடும் சரிபார்ப்பு எண்கள் (கோப்பிலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்கள்) கொண்ட சிறு உரைக் கோப்பைச் சேர்த்து அனுப்புவது என்ற வழக்கங்களை நிலைநாட்டினார்கள். 2002 முதல் அந்தப் பதிவுகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் சேமிக்கப்படுகின்றன. திருட்டுக் குழுக்களின் ஒழுங்கில் பாதி இந்த நல்ல பிள்ளைகளிடமிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

இனி சிடிக்கு வருவோம். ஆடியோ சிடியில் இருப்பது எண்கள்தாமே, அதை நகலெடுப்பதில் என்ன தவறு நேரும் என்று தோன்றலாம். ஒரு நொடி இசை சிடியில் 75 பகுதிகளாக எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் 2,352 பைட்டுகள். கணினித் தகவல் எழுதிய சிடியில் அதே அளவுப் பகுதியில் 2,048 பைட்டுகளே தகவல். மீதமுள்ளவற்றில் பெரும்பகுதி பிழை கண்டுபிடித்துத் திருத்துவதற்காக ஒதுக்கப்பட்டது. ஆடியோ சிடியிலும் ஓர் அடிப்படைத் திருத்தம் உண்டு என்றாலும், இந்த இரண்டாவது காவல் கிடையாது. கீறல் பெரிதாக இருந்து அடிப்படைத் திருத்தம் கைவிட்டுவிட்டால், சிடியைப் படிக்கும் டிரைவ் தனக்குப் படிக்க முடியாத இடத்தைப் பக்கத்து எண்களை வைத்து ஊகித்து நிரப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். வீட்டில் பாட்டுக் கேட்பவருக்கு அது நல்ல ஏற்பாடுதான். காதுக்குப் பெரும்பாலும் தெரியாது. நகலெடுப்பவருக்கோ, எது சிடியில் இருந்தது, எது டிரைவ் இட்டுக்கட்டியது என்று பிரிக்க வழியில்லாமல் போய்விடுகிறது.

ஜெர்மனியைச் சேர்ந்த ஆந்த்ரே வீத்தோஃப் 1998இல் வெளியிட்ட எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் இதற்கு ஒரு பிடிவாதமான வழியைக் கையாண்டது. பாதுகாப்பு முறையில் இயங்கும்போது, அது சிடியின் ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இரண்டு முறை படிக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி மறுபடி படித்து, பெரும்பான்மையாக ஒரே விடை வருகிறதா என்று பார்க்கும். மோசமான இடங்களில் 82 முறை வரை போகும். இங்கே டிரைவ்களும் ஒரு தந்திரம் செய்தன. இரண்டாம் முறை கேட்டால் சிடியைப் படிக்காமல், முதல் முறை படித்துத் தன் நினைவகத்தில் வைத்திருந்ததையே திருப்பிக் கொடுத்தன. அதை முறியடிக்க, இடையில் வேறோர் இடத்தைப் படிக்கச் சொல்லி அந்த நினைவகத்தைக் காலி செய்யவேண்டியிருந்தது. எந்த டிரைவ் இப்படிச் செய்கிறது, எதற்கு எந்த அமைப்பை வைக்கவேண்டும் என்று பட்டியல் பட்டியலாக எழுதிவைத்தவர்கள் இந்தக் குழுக்காரர்கள்தாம். ஒரு சிடி நகலெடுக்க ஐந்து நிமிடம் போதும் என்றிருந்த காலத்தில், கீறல் விழுந்த ஒற்றைப் பாட்டுக்காக இரவெல்லாம் டிரைவ் முனகிக்கொண்டிருப்பதைச் சகித்துக்கொண்டார்கள்.

அடுத்தது தொடக்கப் புள்ளி. ஒவ்வொரு டிரைவ் மாடலும் பாட்டை ஒரு நூலிழை முன்னதாகவோ பின்னதாகவோ படிக்கத் தொடங்குகிறது. ஒரு நொடியில் 44,100 சாம்பிள்கள் (ஒலியை அளந்து எழுதிய எண்கள்) என்ற கணக்கில், ஒரு டிரைவுக்கு 6 சாம்பிள், இன்னொன்றுக்கு 102, வேறொன்றுக்கு 667 என்று இந்த விலகல் மாறுபடும். கேட்பதற்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் ஒரே சிடியை இருவர் நகலெடுத்து ஒப்பிட்டால், எண்கள் ஒன்றாகவே இருந்தும் இடம் மாறியிருப்பதால் சரிபார்ப்பு எண்கள் பொருந்தாது. ஆகவே ஒரு பொதுப் புள்ளியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டிரைவுக்கும் எவ்வளவு திருத்தம் என்று பட்டியலிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு: அந்தப் பொதுப் புள்ளியே 30 சாம்பிள் தவறானது என்று பின்னால் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். அதாவது, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதற்குள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டு விட்டதால், தவறிலும் ஒற்றுமையாக இருப்பதே மேல் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றும் உலகம் முழுவதும் அந்தத் தவறான புள்ளியில்தான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

பொதுப் புள்ளி கிடைத்ததும் அக்யூரேட்ரிப் என்ற சரிபார்ப்புச் சேவை வேலை செய்யத் தொடங்கியது. நீங்கள் ஒரு சிடியை நகலெடுத்து முடித்ததும், அதன் சரிபார்ப்பு எண் இணையத்தில் உள்ள தரவுத்தளத்தோடு ஒப்பிடப்படும். உங்களுக்கு முன்னால் அதே சிடியை வேறு டிரைவில், வேறு ஊரில், வேறு ஆள் நகலெடுத்து அதே எண் வந்திருந்தால், இருவரும் ஒரே மாதிரி தவறு செய்திருப்பதற்கான வாய்ப்பு இல்லை என்றே கொள்ளலாம். 'நம்பகம் 12' என்று வந்தால், பன்னிரண்டு பேரின் எண்ணோடு உங்கள் எண் பொருந்துகிறது என்று பொருள். பாட்டு யாரிடமிருந்தும் யாருக்கும் போகவில்லை. போவது எண் மட்டுமே. ஆகவே சட்டச் சிக்கல் எதுவும் இல்லாத ஏற்பாடு இது. இதற்குப் பின் வந்த க்யூடூல்ஸ் தரவுத்தளம் ஒரு படி மேலே போய், சரிபார்ப்பு எண்ணோடு பிழை திருத்தும் தகவலையும் சேர்த்து வைத்துக்கொண்டது. சிறு கீறலால் ஓரிரு இடம் பழுதாகியிருந்தால், பிறர் சிடியிலிருந்து கணக்கிட்ட அந்தத் தகவலைக் கொண்டு உங்கள் நகலைச் சரிசெய்துவிட முடியும். என்னிடம் உள்ள கீறல் விழுந்த சிடி ஒன்றில் ஆறாவது பாட்டு இப்படித்தான் மீண்டது.

நகலெடுத்த விதம் முழுவதையும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி ஓர் உரைக் கோப்பில் எழுதிவைக்கும்: எந்த டிரைவ், என்ன விலகல், எந்தப் பாட்டில் எங்கே தடுமாறியது, சரிபார்ப்பு எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். திருட்டுத் தளங்கள் இந்த அறிக்கையைக் கட்டாயம் ஆக்கின. அதைப் படித்து மதிப்பெண் போடும் நிரல்களை எழுதினார்கள். நூற்றுக்கு நூறு வாங்காத நகலின் இடத்தில், வாங்கிய நகலை வேறொருவர் ஏற்றிவிடலாம் என்று விதி வகுத்தார்கள். உடனே சிலர் அந்த அறிக்கையைத் திருத்தி மதிப்பெண் வாங்கப் பார்த்தார்கள். அதைத் தடுக்க, அறிக்கையின் அடியிலேயே ஒரு சரிபார்ப்பு எண் வந்தது. கட்டணம் இல்லை, சம்பளம் இல்லை, கிடைக்கும் பொருளோ திருட்டுப் பொருள். அதற்குப் போலி மதிப்பெண் பட்டியலும் அதைப் பிடிக்கப் பறக்கும் படையும்! மனிதர்கள் கூடும் இடத்தில் பரீட்சையும் காப்பியடித்தலும் தானாக வந்துவிடும்போலும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் உதவியது ஸ்பெக்ட்ரோகிராம் என்ற படம்தான். ஆடாசிட்டி, ஸ்பெக் போன்ற இலவச மென்பொருள்களில் ஒரு பாட்டைத் திறந்தால், இடமிருந்து வலமாக நேரமும் கீழிருந்து மேலாக அதிர்வெண்ணும் கொண்ட ஒரு வண்ணப் படம் வரும். ஒலி வலுவாக இருக்கும் இடம் பளிச்சென்றும், ஒலியில்லாத இடம் இருட்டாகவும் இருக்கும். சிடியிலிருந்து நேராக வந்த பாட்டில் 22 கிலோஹெர்ட்ஸ் வரை ஏதாவது தெரியும். தாளக்கருவிகள் அடிபடும் இடங்களில் கீழிருந்து உச்சி வரை கோடுகள் எழும். எம்பி3 ஆக்கும்போது, காது அதிகம் தேடாத மேல்பகுதியைத்தான் சுருக்கும் நிரலான என்கோடர் முதலில் வெட்டிவிடும். நொடிக்கு 128 கிலோபிட் (கேபிபிஎஸ்) கோப்பில் சுமார் 16 கிலோஹெர்ட்ஸிலும், 192இல் 19க்குப் பக்கத்திலும், 320இல் 20ஐ ஒட்டியும் கத்தரித்ததுபோல் படம் நின்றுவிடும். ஒருவர் 128 எம்பி3யை எடுத்து, சிதைவில்லாத ஃப்ளாக் கோப்பாக மாற்றி, சிடியிலிருந்து எடுத்தது என்று சொன்னால், கோப்பு பல மடங்கு பருத்திருக்கும். படமோ 16இல் நின்று உண்மையைச் சொல்லிவிடும். வெட்டியதை எந்த மென்பொருளாலும் திரும்ப ஒட்ட முடியாது.

இந்தப் படத்தைப் படிக்கவும் பழக்கம் வேண்டும். பழைய நாடாப் பதிவுகளில் மேல்பகுதி இயல்பாகவே வெறுமையாக இருக்கலாம். ஆனால் அங்கே ஒலி கொஞ்சம் கொஞ்சமாக மங்கி மறையும், கத்தரித்த விளிம்பு இருக்காது. சில பழைய பதிவுகளில் 15.6 கிலோஹெர்ட்ஸ் உயரத்தில் பாட்டு முழுவதும் மெல்லிய நேர்கோடு ஒன்று ஓடும். அது ஒலிப்பதிவுக் கூடத்தில் எரிந்துகொண்டிருந்த குழாய்த் தொலைக்காட்சித் திரையின் ரீங்காரம். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழங்கிய பால் முறையில் 15,625 ஹெர்ட்ஸ், அமெரிக்க முறையில் 15,734. அவ்வளவு உயர்ந்த ஒலியைக் கேட்கக்கூடிய காது இருந்தவர்கள்கூடப் பாட்டின் நடுவில் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். பாட்டை அமெரிக்காவில் பதிந்தார்களா ஐரோப்பாவில் பதிந்தார்களா என்று அந்தக் கோட்டை வைத்து வாதாடியவர்களின் உரையாடல்களைப் படிப்பதே தனிச் சுகம்.

தமிழ்ப் பாடல்களில் இந்தச் சோதனையின் பயன் மிக அதிகம். 2000களின் தொடக்கத்தில் பர்மா பஜாரிலும் பேருந்து நிலைய நடைமேடைகளிலும் விற்ற எம்பி3 சிடிகளில் ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் இருக்கும். இடம் போதவேண்டும் என்பதற்காக 128இலோ அதற்கும் கீழோ அழுத்தப்பட்டவை. அதே கோப்புகள் பின்னால் இணையத்துக்குப் போய், யாரோ ஒருவர் கையில் 320 ஆக மறுவார்ப்புப் பெற்று, 'உயர்தரம்' என்ற பட்டத்தோடு திரும்பி வந்தன. 1980களின் திரைப்பாடல்களில் 320 என்று எழுதியிருந்தவை சிலவற்றை நான் திறந்து பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் 16க்கு மேல் கும்மிருட்டு. இன்னும் சிலவற்றில் அந்த இருட்டின்மேல் செயற்கையாகத் தூவிய மினுமினுப்பு தெரிந்தது. யாரோ ஈக்வலைசரை ஏற்றி 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' செய்திருக்கிறார்கள். இளையராஜாவின் ரசிகர்கள் ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட பழைய சிடிகளை இன்றும் அதிக விலை கொடுத்துத் தேடுவது வெறும் பழமைப் பித்து என்று நினைப்பவர்கள், அந்தச் சிடியின் படத்தையும் இணையத்தில் கிடைக்கும் கோப்பின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எம்பி3 என்றாலே மட்டம் என்று இதற்குப் பொருளில்லை. 1998இல் தொடங்கிய லேம் என்ற இலவச என்கோடரைப் பல ஆண்டுகள் பலர் சீராக்கிய பிறகு, அதன் உயர் அமைப்புகளில் உருவான எம்பி3யை அசலிலிருந்து பிரித்தறிவது பெரும்பாலானோருக்கு முடியாத காரியமாயிற்று. இதைச் சோதிக்கவும் ஒரு முறை வைத்திருந்தார்கள். எது எது என்று தெரியாமல் மறைத்து, இரண்டையும் 16 முறை கேட்டுச் சொல்லவேண்டும். 12 முறை சரியாகச் சொன்னால், அது குருட்டாம்போக்கில் நடந்திருப்பதற்கான வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே. 'எனக்குத் தெரியும், என் காது தனிக்காது' என்று பேசும் ஆடியோ ரசிகர்களை இந்தச் சோதனைக்கு உட்கார வைத்தால் பேச்சு சட்டென்று குறைந்துவிடும். பிறகு ஏன் ஃப்ளாக்குக்காக அலைந்தார்கள் என்றால், கேட்பதற்கு எம்பி3 போதும், பாதுகாப்பதற்குப் போதாது என்பதால்தான். நாளைக்கு வேறொரு கோப்பு வகைக்கு மாறவேண்டி வந்தால், ஏற்கெனவே வெட்டியதை மீண்டும் வெட்டாமல் மாற்றுவதற்கு அசல் வேண்டும்.

இந்தப் பழக்கங்கள் எல்லாம் முற்றிய இடம் ஓயிங்க், வாட்.சிடி என்ற இரண்டு தளங்கள். இங்கிலாந்தில் 2004இல் தொடங்கிய ஓயிங்க், 2007 அக்டோபர் 23 அன்று காவல்துறைச் சோதனையில் மூடப்பட்டது. அதன் நிறுவனர் மோசடிச் சதி வழக்கில் 2010 ஜனவரியில் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். ஓயிங்க் மூடப்பட்ட சில நாட்களிலேயே அதன் உறுப்பினர்கள் தொடங்கியது வாட்.சிடி. அதில் சேர, உள்ளே இருப்பவர் அழைக்க வேண்டும்; அழைக்க ஆளில்லாதவர்கள் நேர்முகத் தேர்வு எழுதவேண்டும். சிதைவுள்ள சுருக்கம் எது, சிதைவில்லாதது எது, மறுவார்ப்பு என்றால் என்ன, இந்த ஸ்பெக்ட்ரோகிராமில் என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். உள்ளே போனபின், இறக்கிய அளவுக்கு ஏற்ற விகிதத்தில் பிறருக்குக் கொடுத்தாக வேண்டும். பிரபலமான ஆல்பங்களை ஏற்கெனவே நூறு பேர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதால், கணக்கை நேர்செய்ய விரும்பியவர்கள் யாரிடமும் இல்லாததைத் தேடி நூலகங்களுக்கும் பழைய சிடிக் கடைகளுக்கும் போனார்கள். அச்சில் இல்லாத பல ஆல்பங்கள் அப்படித்தான் அங்கே வந்து சேர்ந்தன. ஒரே ஆல்பத்தின் 1986 பதிப்பு, 1999 மறுபதிப்பு, ஜப்பானியப் பதிப்பு எல்லாம் தனித்தனியாக வகைப்படுத்தப்பட்டிருந்தன. 2016 நவம்பரில் பிரெஞ்சுக் காவல்துறை சர்வர்களைக் கைப்பற்றியபோது, உறுப்பினர் விவரங்களை அழித்துவிட்டதாக நிர்வாகிகள் அறிவித்துவிட்டுத் தளத்தை மூடினார்கள். பாடல்கள் உறுப்பினர்களின் கணினிகளில் இருந்தன; மறைந்துபோனது அந்த அட்டவணைதான். பல ஆயிரம் பேர் ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்து சரிபார்த்த பதிப்பு விவரங்கள் ஒரு நாளில் போயின.

இதையெல்லாம் மெச்சிச் சொல்வதால் நான் அந்தத் திருட்டை ஞாயப்படுத்துகிறேன் என்று கொள்ளவேண்டாம். 'இறக்கிக் கேட்டவர்கள்தாம் அதிகம் வாங்குகிறார்கள்' என்று அவர்கள் சொல்லும் சமாதானம் எனக்கு ஒருபோதும் போதுமானதாகப் படவில்லை. பெரிய நிறுவனம் அந்த நட்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம். ஐந்நூறு சிடி அச்சிட்டு, அதை விற்றுத்தான் அடுத்த ஒலிப்பதிவுக்குப் பணம் சேர்க்க வேண்டிய ஒரு பாடகரின் ஆல்பத்தை, வெளியான அன்றே நூற்றுக்கு நூறு மதிப்பெண்ணோடு ஏற்றுவதில் என்ன பண்பாட்டுச் சேவை இருக்கிறது? ஆனால் மறுபக்கம் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 2005இல் சோனி பிஎம்ஜி விற்ற சில சிடிகள், கணினியில் போட்டவுடன் பயனருக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் மென்பொருளை நிறுவின. விண்டோஸ் வல்லுநர் மார்க் ருசினோவிச் அதை அக்டோபர் 31 அன்று வெளிப்படுத்தியபின் அந்தச் சிடிகளைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. காசு கொடுத்து வாங்கியவன் கணினி கெட்டது, திருடியவன் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரிட்டனில் சொந்தச் சிடியைச் சொந்த உபயோகத்துக்கு நகலெடுக்க 2014இல் அளித்த சட்ட அனுமதியை, அடுத்த ஆண்டே உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளலை 52ஆம் பிரிவில் அனுமதிக்கிறது என்பது ஒரு நிம்மதி.

திரைப்படங்களின் பக்கம் நடந்தது இன்னொரு பதிவுக்கான பொருள்; இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர் ஒருவர் மைக்ரோசாஃப்ட்டின் கோடெக்கை (காணொளியைச் சுருக்கி விரிக்கும் நிரல்) உடைத்து உருவாக்கிய டிவ்எக்ஸ், ஒரு டிவிடிப் படத்தை 700 மெகாபைட் சிடிக்குள் அடக்கியது. அதைத் தொடர்ந்து வந்த எக்ஸ்264 என்ற திறந்த மூல என்கோடரைப் பின்னாளில் யூடியூபே பயன்படுத்தியது. யூடோரண்ட் என்ற டோரண்ட் செயலியை எழுதிய ஸ்வீடன்காரர் லூட்விக் ஸ்ட்ரிகேயுஸ் ஸ்பாட்டிஃபையில் சேர்ந்தார்; 2008இல் தொடங்கிய அந்தச் சேவையின் கணினிச் செயலி, 2014 வரை பயனர்களின் கணினிகளிலிருந்தே பாடல் துண்டுகளை எடுத்துப் பிறருக்குக் கொடுத்தது. காவலும் களவும் ஒரே பட்டறையில்தான் ஆணி வாங்கியிருக்கின்றன.

வீட்டில் சிடிகள் வைத்திருப்பவர்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. புதிய மடிக்கணினிகளில் டிரைவே வருவதில்லை. யுஎஸ்பியில் இணைக்கும் டிரைவ் கிடைக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சிடியும் சாகாவரம் பெற்றதல்ல. 1988க்கும் 1993க்கும் இடையில் இங்கிலாந்தின் பிடிஓ ஆலையில் அச்சான சிடிகள் விளிம்பிலிருந்து வெண்கல நிறமாகிப் படிக்க முடியாமல் போனது சிடி சேர்க்கும் ரசிகர்களுக்குத் தெரிந்த கதை. எக்ஸாக்ட் ஆடியோ காப்பியை முதல்முறை திறக்கும்போது அமைப்புகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கி, டிரைவின் விலகல் எண்ணைச் சரியாகப் போட்டு, பாதுகாப்பு முறையையும் அக்யூரேட்ரிப்பையும் இயக்கிவிட்டால், அதன்பின் சிடியை மாற்றுவது மட்டுமே வேலை. ஃப்ளாக்கில் சேமியுங்கள். கோப்புக்குள்ளேயே அசல் ஒலியின் சரிபார்ப்பு எண் எழுதப்பட்டிருப்பதால், பத்தாண்டு கழித்து வன்தட்டில் உள்ள கோப்பு கெட்டுப்போனதா என்று ஒரே கட்டளையில் சோதிக்க முடியும். 2024 டிசம்பரில் ஃப்ளாக் முறையான இணையத் தரநிலையாகவும் ஆகிவிட்டதால், திறக்க மென்பொருள் இல்லாமல் போகும் என்ற அச்சமும் வேண்டாம்.

தமிழ்த் திரைப்பாடல் சிடிகளுக்கு அக்யூரேட்ரிப்பில் பெரும்பாலும் எந்தப் பதிவும் இருக்காது; உங்களுக்கு முன்னால் யாரும் அதை நகலெடுத்து எண்ணை அனுப்பியிருக்க மாட்டார்கள். அப்போது அதே சிடியை இரண்டு வேறு டிரைவ்களில் நகலெடுத்து எண்களை ஒப்பிடுவதுதான் வழி. பாடல் விவரங்களும் தானாக வரும்போது தாறுமாறாக இருக்கும்: பாடகர் இடத்தில் இசையமைப்பாளர், இசையமைப்பாளர் இடத்தில் கதாநாயகன், பாடலாசிரியருக்கு இடமே இல்லை. சிடியின் பின்னட்டையைப் பார்த்து நீங்களே தட்டச்சு செய்து, மியூசிக்பிரைன்ஸ் போன்ற பொதுத் தரவுத்தளத்திலும் சேர்த்துவிட்டால் அடுத்தவருக்கு அந்த வேலை மிச்சம். அட்டையை ஸ்கேன் செய்யும்போது சிடியின் பாட்டுப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நடு ஓட்டையைச் சுற்றி, முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னும் வளையத்தில் பொடி எழுத்தில் பொறித்திருக்கும் எண்தான், உங்களிடம் இருப்பது எந்த அச்சு என்று சொல்லக்கூடியது. விளக்கை நேராக அடிக்காமல் சாய்வாகப் பிடித்தால் அந்த எழுத்து படத்தில் விழும்.